ஊறுகா பாட்டில்ல ஒரு சாட்சி

ஜன்னலை நல்லாத் திறந்துக்கோங்கண்ணா. வாசனை என் பையில இருந்துதான் வருது. பெட்ரோல்தான். பயப்படாதீங்க, மேலாக்க ஒரு விரக்கடை அளவுதான். மிச்சமெல்லாம் தண்ணி. அதுதானே பிரச்சனையே! தண்ணி! பெட்ரோல் டேங்க்ல தண்ணி!

கண்டக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நடுரோட்டுல இறக்கி விட்டுருவாரு. பீடி சிகரெட்டு உண்டுங்களா? இல்லையா, நல்லது. இறங்குற வரைக்கும் கத்துக்காதீங்க.

எங்க போறீங்க, தம்மம்பட்டியா? நான் அதுக்கு முன்னாடியே, கருப்பனார் கோயில் பிரிவு. அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெத்தியில சந்தனம், கையில பெட்ரோல் பாட்டில். எந்தத் தாய்மாமனாச்சும் இப்படிப் போவானா? சொல்லுங்க. வேன்ல சீர்த்தட்டோட சொந்தக்காரங்க எல்லாம் காலையிலயே போயாச்சு. நான் ஒருத்தன் டவுன் பஸ் மாறி, மாறி, இப்ப உங்க பக்கத்துல.

வயிறு எரியுதுண்ணா. சும்மா வார்த்தைக்குச் சொல்லல.

நம்மகிட்ட ஒரு வண்டி இருக்கு. இருக்குன்னா, மெக்கானிக் செட்டுல இருக்கு. பழைய காருதான், ஆனா சிவப்புன்னா அப்படி ஒரு சிவப்பு. செவலைன்னு பேரு வச்சிருக்கேன். சிரிக்காதீங்க, எங்க ராசிபுரத்துல வந்து செவலைன்னு சொல்லுங்க, 'ஓ, கவுதமன் வண்டியா'ன்னு கேப்பாங்க. நான்தான் கவுதமன். சீட்டு, டயரு, சைலன்சரு எல்லாம் நானே பாத்துப் பாத்துப் போட்டது. இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிட்டுக் கேட்டாலே எந்த சிலிண்டர் சோம்புதுன்னு சொல்லிருவேன். வண்டி வச்சிருக்கவங்க எல்லாம் சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பே நடத்துறோம், நான்தான் அட்மின். ஆளாளுக்கு வண்டியில கோளாறுன்னா எனக்குத்தான் மெசேஜ் போடுவான்.

இருங்க, இப்பவும் ஒருத்தன் போட்டிருக்கான். 'தலைவா விடாத, மேடையிலயே கேளு'ன்னு. பாத்தீங்களா? ஒரு நிமிஷம், பதில் போட்டுடறேன்... ம். போட்டாச்சு.

எங்க விட்டேன்? ஆங், செவலை. கொல்லிமலைக்கு எல்லாரும் வண்டி எடுத்துட்டுப் போறதுன்னு பிளான். முந்தின நாள் சாயந்திரம் எங்க மாமா பங்க்ல போயிப் பெட்ரோல் போட்டேன். மாமான்னா, அக்கா வீட்டுக்காரரு. தனசேகரன். ஆத்தூர் ரோட்டுல பங்க் எடுத்து நடத்துறாரு. சொந்த மாமா பங்க் இருக்கும்போது வேற எங்க போடுவேன்? ரோட்டுல நாலு பங்க்கைத் தாண்டிப் போய் அங்கதான் போடுவேன். அவரு கூட, 'வாடா மாப்ள, செவலைக்குத் தீவனமா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அப்ப சிரிச்ச சிரிப்பு! இப்ப நெனச்சா பத்திக்கிட்டு வருது.

போட்டுட்டு அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். அப்புறம் டயருக்குக் காத்துப் பிடிக்கப் போனேன். நண்பன் ஒருத்தனை நாமக்கல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தேன். அப்ப எல்லாம் ஒரு குறையும் இல்ல, வெண்ணெய் மாதிரிப் போச்சு. அங்கதான் இருக்கு சூட்சுமம். மாமாவும் இதைத்தான் புடிச்சுக்கிட்டாரு, 'நாமக்கல் வரைக்கும் ஓடின பெட்ரோல் காலையில எப்படிடா கெட்டுப் போகும்?'ன்னு. சயின்ஸ் தெரியாத பேச்சு. தண்ணி கனம்ணா. கனமானது மெதுவா இறங்கி அடியில உக்காரும். ராத்திரி பூரா உக்காந்து, காலையில வேலையைக் காட்டும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலந்திருக்கு. அது கொஞ்சம் தண்ணியைத் தனக்குள்ளயே இழுத்து வச்சுக்கும். அளவு மீறிருச்சுன்னா, ரெண்டும் ஜோடி சேந்து கீழ இறங்கிரும். இதெல்லாம் நான் அவருக்கு விளக்கி விளக்கிச் சொன்னேன். கேட்டாத்தானே.

காலையில கெளம்புறதே லேட்டு. ஏன்னா எங்கம்மா. அவங்க அதுக்கு முந்தின நாள்தான் காசிக்குப் போயிட்டு வந்தாங்க. டூர் பஸ்ல, எங்க தெருப் பொம்பளைங்க ஒரு கூட்டமாப் போய், ஒரு வெள்ளைக் கேன் நெறையக் கங்கா தீர்த்தம் கொண்டாந்துட்டாங்க. வந்ததுல இருந்து வீட்டுல அதே வேலை. தீர்த்தத்துல துளசி போட்டு, கிணத்துல கொஞ்சம், மாடித் தொட்டியில கொஞ்சம், எதுத்த வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு ஸ்பூன், எனக்கு ஒரு மடக்கு, நாய்ச் சட்டியில கூட ஊத்துறாங்கண்ணா! 'நாய்க்கு எதுக்கும்மா?'ன்னா, 'வாயுள்ளதுக்கெல்லாம் ஒரு வாய் ஊத்தணும்டா'ங்கிறாங்க. அவங்களை ஒண்ணும் சொல்ல முடியாது. நான் போன வருஷம் ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல வண்டியைக் கொண்டு போய்ச் செவுத்துல உரசினதுல இருந்து அவங்களுக்கு என் வண்டின்னாலே பயம். எந்த மலைக்குக் கெளம்பினாலும் ஒரு பூசை போடாம விட மாட்டாங்க.

அன்னிக்கும் அப்படித்தான். தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத் துண்டோட, கையில சொம்பு, எலுமிச்சம்பழம், கற்பூரம். நான் போன்ல குரூப்புக்கு ரூட்டு அனுப்பிட்டு இருக்கேன். 'அம்மா, கற்பூரத்தை வண்டிக்குப் பின்னாடி கொண்டு போகாதீங்க, டேங்க் அங்கதான் இருக்கு'ன்னு கத்துறேன். 'தெரியும்டா, வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா, அந்தக் குட்டிச் சாவியைக் குடு'ன்னாங்க. பழைய வண்டி இல்லீங்களா, டேங்க் மூடிக்குத் தனிச் சாவி. கொத்தா எடுத்துத் தூக்கிப் போட்டேன். காசிக் கயிறு கொண்டாந்திருந்தாங்க, சாவியில கட்டிவிடுவாங்கன்னு நெனச்சேன். கட்டியும் விட்டிருந்தாங்க, பாருங்க, இதோ.

கெளம்பினேன். டோல்கேட்டு கூடத் தாண்டலண்ணா. விக்கல் எடுத்த மாதிரி ஒரு குலுக்கு. அப்புறம் இன்னொண்ணு. ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி முன்னாடி போக மாட்டேங்குது, தலையாட்டுது. பின்னாடி எங்க குரூப் வண்டி வரிசையா வருது, ஹாரன் அடிக்கிறான். ஒரு இருமல் இருமிச்சு பாருங்க, அவ்வளவுதான், நின்னுபோச்சு. செவலை! அட்மினோட வண்டி! ரோட்டோரம்! ஒருத்தன் போட்டோ எடுக்கிறான்! ஒருத்தன் 'என்ன தலைவா, செவலை மசக்கையா?'ங்கிறான்!

நான் விடல. பிளக்கைக் கழட்டினேன், சுத்தம் பண்ணி மாட்டினேன். ஒண்ணுமில்ல. இக்னிஷன் காயிலை மாத்திப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ஸ்டார்ட் ஆகும், நடுங்கும், செத்துரும். அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. இது கரண்டு கோளாறு இல்ல, குடிச்ச கோளாறு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் நம்ம செங்கோட்டுவேல் அண்ணன் செட்டுல விட்டேன். அவருதான் அடியில படுத்து டேங்க் போல்ட்டைத் திறந்தாரு. நான் மேல இருந்து, 'பிளாஸ்டிக்ல வேணாம்ணா, கண்ணாடியில பிடிங்க, அப்பத்தான் தெரியும்'னு, வீட்டுல இருந்து கழுவி எடுத்துட்டுப் போன ஊறுகா பாட்டிலை நீட்டுறேன். பிடிச்சு, வெளிச்சத்துல வச்சோம். ஆடாம அசையாம வச்சுட்டு டீ குடிக்கப் போனோம்.

வந்து பாத்தா, ரெண்டு அடுக்கு! மேல பெட்ரோலு. கீழ தெளிவாத் தண்ணி. நடுவுல கோடு போட்ட மாதிரி. இருங்க, காட்டறேன். முன்சீட்டு அக்கா திரும்பிப் பாக்குறாங்க, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. தெரியுதா? அடியில பாருங்க, அந்தப் பச்சையா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன தெரியுங்களா? இலை. இலைண்ணா! பெட்ரோல் டேங்க்ல இலை வர்ற அளவுக்கு ஒருத்தன் பங்க் நடத்துறான்னா, அவன் நிலத்தடி டேங்க் எப்படி இருக்கும்? மூடியே இல்லாமத் திறந்து போட்டிருக்கானுங்க. மழைத் தண்ணி, இலை, தழை, எலி, எல்லாம் உள்ள கெடக்கும். செங்கோட்டண்ணன் அதைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. 'தம்பி, உன் செவலை நெசமாவே மேயுதுடா'ன்னு. அவருக்கு எல்லாமே தமாசு. 'இது ஏதோ வாசனை இலைடா'ன்னு மோந்து பாத்தாரு. பெட்ரோல் நாத்தத்துல என்ன வாசனையக் கண்டாரோ.

என்ன சொல்றீங்க? துளசி மாதிரி இருக்கா? எந்த இலையா இருந்தா என்னண்ணா. பெட்ரோல்ல இலைக்கு என்ன வேலை? அதுதான் கேள்வி.

பாட்டிலை எடுத்துக்கிட்டு நேரா மாமா பங்க்குக்குப் போனேன். போகும்போதே லைவ் போட்டுட்டேன். சொந்தக்காரன்னா விட்ரணுமா? நாளைக்கு இன்னொருத்தன் வண்டி மலை வளைவுல நின்னா? எனக்கு நியாயம்தான் முக்கியம். பங்க்ல கூட்டம். நான் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சு, 'எல்லாரும் பாருங்க, இங்க பெட்ரோல் போட்டா தண்ணி இலவசம்'னேன். வண்டிக்காரங்க எல்லாம் அப்படியே நிறுத்திட்டாங்க. ஒருத்தரு போட்ட பெட்ரோலைத் திரும்ப எடுக்கச் சொல்றாரு.

மாமா ஆபீஸ் ரூமுல இருந்து வந்தாரு. 'மாப்ள, உள்ள வாடா, பேசலாம்'ங்கிறாரு. 'உள்ள வந்து என்ன பேசறது, இங்க பேசுங்க'ன்னேன். அப்ப கூட அவரு கத்தல. அதான் எனக்கு இன்னும் ஏறிச்சு. கத்தியிருந்தா ஆறியிருப்பேன். நிதானமா, வெள்ளைப் பேப்பர் ஒண்ணுல ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டுக் காட்டினாரு, கறை இல்லாம ஆவியாப் போச்சு. அப்புறம் அந்த நீளக் குச்சி இருக்கும் பாருங்க, நிலத்தடி டேங்க்ல விட்டு அளக்குறது, அது நுனியில ஒரு பசையத் தடவி உள்ள விட்டாரு. தண்ணி இருந்தா அந்தப் பசை நிறம் மாறிரும். வெளிய எடுத்தாரு. மாறல.

'பாத்துக்க மாப்ள'ன்னாரு.

'என்னத்தப் பாக்குறது? உங்க டேங்க், உங்க குச்சி, உங்க பசை. மாறுமா?'ன்னேன்.

கூட்டத்துல ரெண்டு பேரு கை தட்டினான். வீடியோவுல இருக்கு.

'நேத்து சாயந்திரம் உனக்கப்புறம் எத்தனை வண்டிக்குப் போட்டோம்? என் ஸ்கூட்டருக்கே அப்பத்தான் போட்டேன். எது நின்னுச்சு?'ன்னாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? 'உங்க ஸ்கூட்டர் எருமை மாதிரி, எந்தக் குட்டையில விட்டாலும் குடிக்கும். என் செவலை அப்படி இல்ல'ன்னேன். நல்லா இருந்துச்சுல்ல? அந்த ஒரு வரிக்கே குரூப்ல அத்தனை பேரு சிரிப்புப் பொம்மை போட்டான்.

மாமா மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. 'சரி கவுதமா'ன்னாரு. மாப்ளன்னு சொல்லல, கவனிச்சீங்களா, பேரைச் சொன்னாரு. திரும்பி உள்ள போயிட்டாரு.

அந்த வீடியோ எங்கெங்கயோ போயிருச்சு. பங்க்குக்கு ஆபீசருங்க வந்து எதையெதையோ பிடிச்சுப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போனாங்களாம். ரிசல்ட்டு வர்ற வரைக்கும் ஒரு பம்ப்பை மூடி வச்சிருக்காங்களாம். அக்கா போன் பண்ணி அழுவுறா. அழுதா சரியாயிருமா? தப்பு பண்ணினது யாரு? வண்டி நின்னு அசிங்கப்பட்டது நானு. இன்ஜெக்டரைக் கழட்டி அனுப்பியிருக்கு, வண்டியோட பம்ப் போச்சா இருக்கான்னே தெரியல. எனக்காக யாரு அழுதா?

அக்கா கடைசியா என்ன சொன்னா தெரியுங்களா? 'டேய், வீடியோவை எடுத்துரு. காதுகுத்து அன்னிக்கு வந்து, மாமாகிட்ட எல்லாரும் முன்னாடி ஒரு வார்த்தை, தப்பாச் சொல்லிட்டேன் மாமான்னு சொல்லு. இல்லேன்னா வராத. பாப்பாவை நம்ம பெரியப்பா பையன் மடியில உக்கார வச்சுக்கிறோம்'னு!

கேட்டீங்களா நியாயத்தை? பெரியப்பா பையன் யாரு, பிரஜித்து. பெங்களூர்ல இருக்கான். பாப்பாவை இதுவரைக்கும் வீடியோ கால்லதான் பாத்திருக்கான். அவன் மடியில உக்காந்தா அது வீல்னு கத்தும். என்கிட்ட எப்படி இருக்கும் தெரியுங்களா? மகிழினின்னு பேரு, நான் வச்ச பேரு. செவலையில முன்னாடி என் மடியில உக்கார வச்சுத் தெருவுல ஒரு ரவுண்டு வந்தா, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, 'டுர்ர்ர்ர்'னு வாயால சத்தம் விடும். எச்சில் பூரா என் கையில. அம்மா அப்பான்னு சொல்றதுக்கு முன்னாடி அது டுர்ருன்னுதான் சொல்லிச்சு. அந்தக் குழந்தைக்குக் காது குத்தும்போது பிரஜித்து பிடிச்சுக்குவானாம். பிடிக்கத் தெரியுமா அவனுக்கு? தலையை அசையாமப் பிடிக்கணும், கண்ணைப் பொத்திக்கணும், காதுல ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கணும். நான் ஒரு மாசமா யோசிச்சு வச்சிருக்கேன், டுர்ருன்னு காதுல சத்தம் விட்டா அது வலியை மறந்து சிரிச்சிரும்னு.

இந்தாங்க, தோடு. சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். சீர்த்தட்டுல வச்சு அனுப்பச் சொன்னாங்க, குடுக்கல. தாய்மாமன் வாங்குன தோடு தாய்மாமன் கையாலதான் போகும். சின்ன கார் சக்கரம் மாதிரி டிசைன், பத்தர்கிட்ட சொல்லிச் செய்யச் சொன்னது. அழகா இருக்குல்ல? எனக்கும் பாத்தா அழுகையா வருது. கோவத்துல வர்ற அழுகைண்ணா, வேற ஒண்ணுமில்ல.

மன்னிப்பு! எதுக்குக் கேக்கணும் நான்? சாட்சி கையில இருக்கு. அதான் முடிவு பண்ணிட்டேன். மன்னிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோயில்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க, மாமா பக்கத்து ஆளுங்க, எங்க பக்கத்து ஆளுங்க. நடுவுல போய் பாட்டிலை வைக்கிறேன். பேசட்டும் பாட்டிலு.

குரூப்ல ஒருத்தனைத் தவிர எல்லாரும் என் பக்கம். அந்த ஒருத்தன், சேந்தமங்கலத்துக்காரன், நேத்து கேக்குறான், 'தலைவா, சாயந்திரத்துக்கும் காலைக்கும் நடுவுல டேங்க் மூடிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?'ன்னு. எப்படிப் பாருங்க கேள்வி! என்கிட்டதான்டா இருந்துச்சு, என் வீட்டுலதான் இருந்துச்சு, வேற யார்கிட்ட இருக்கும்? மாமாகிட்ட ஓசிப் பெட்ரோல் வாங்கியிருப்பான் போல. குரூப்பை விட்டே தூக்கிட்டேன்.

நீங்களும் ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்க, இதை மட்டும் முடிச்சுக்கறேன்.

எனக்கு இதுல ஒரே ஆறுதல் எங்கம்மாதான். அவங்களுக்கு மொதல்ல நான் எதுவும் சொல்லல. வண்டிக்கு என்னடான்னு கேட்டாங்க, 'உங்களுக்குப் புரியாதும்மா'ன்னுட்டேன். அக்கா போன்ல சொல்லித்தான் நேத்து அவங்களுக்கு விஷயமே தெரிஞ்சிருக்கு. என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. 'தம்பி, தண்ணி உள்ள போனா வண்டி நின்னு போயிருமா?'ன்னு கேட்டாங்க. நான் அவங்களை உக்கார வச்சு, படம் போட்டுக் காட்டி, பம்ப் எங்க இருக்கு, தண்ணி எங்க உக்காரும், இன்ஜெக்டர் எப்படி அடைக்கும், எல்லாம் சொன்னேன். 'கொஞ்சூண்டு தண்ணி போனாக் கூடவா? ஒரு சொம்பு?'ன்னாங்க. 'ஒரு சொம்பா? அரைச் சொம்பு போதும்மா, ஆளையே கொல்லும்'னேன். அவங்க மூஞ்சி வெளிறிப் போச்சுண்ணா. சோறு கூடத் திங்கல. மருமகன் பண்ணின காரியத்தை அவங்களாலயே தாங்க முடியல, பாவம். அப்புறம் ரெண்டு மூணு தடவை வந்து நின்னாங்க. 'தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்'னாங்க. 'மன்னிப்பு கேக்கச் சொல்லத்தானே? பேசாமப் போங்கம்மா'ன்னு கதவைச் சாத்திட்டேன்.

பாருங்க, இப்பவும் அவங்கதான் கூப்பிடுறாங்க. ஒரு நிமிஷம்.

ம், சொல்லுங்கம்மா... வந்துட்டே இருக்கேன்... பஸ்லதான்... என்ன?... இல்லம்மா, எதுவா இருந்தாலும் போன்ல வேணாம்... அம்மா, நான் சொல்றதக் கேளுங்க, அவரு வந்து... அம்மா! எனக்குத் தெரியும். உங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?... சரி, சரி, அழுகாதீங்க. வைங்க, நேர்ல பேசிக்கலாம்.

அழுவுறாங்க. 'நீ கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி என்னைப் பாத்துட்டுப் போ சாமி'ங்கிறாங்க. 'மாமா மேல ஒரு தப்பும் இல்லடா'ங்கிறாங்க. மருமகனை விட்டுக் குடுக்க மனசு வரல. மக வாழ்க்கையாச்சே, பயம் இருக்கும்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன்ணா. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க. செத்தாலும் சொல்ல மாட்டாங்க. அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்ப, பஜ்ஜி நல்லா இருக்குன்னு மாமாவோட அம்மா சொன்னதுக்கு, 'அது கடையில வாங்கினதுங்க, எம்பொண்ணுக்கு வெந்நி வைக்கத்தான் தெரியும்'னு சொன்னவங்க. அக்கா மூஞ்சியப் பாக்கணுமே! மாமா அப்பக் கூட விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'இப்படிப்பட்ட மாமியாரு கெடைக்கிறதுக்காகவே கட்டிக்கிறேன்'னாரு. அப்ப நல்ல மனுஷனாத்தான் இருந்தாரு. எனக்கு பைக் ஓட்டக் கத்துக் குடுத்ததே அவருதான். செவலையை வாங்கும்போது கூட வந்து இன்ஜினைத் திறந்து பாத்ததும் அவருதான். அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. வேற எவனோ பண்ணியிருந்தா நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன். மாமா பண்ணலாமா? என் செவலைக்கு?

அதனாலதான் பிளானைக் கொஞ்சம் மாத்தி வச்சிருக்கேன். பாட்டிலை நான் காட்டப் போறதில்ல. நான் காட்டினா, 'வண்டிப் பைத்தியம், ஏதோ உளறுறான்'னு சொல்லுவாங்க. எல்லாரும் உக்காந்ததும், மொதல்ல அம்மா கையில குடுக்கப் போறேன். 'அம்மா, நல்லாப் பாருங்க. தண்ணியப் பாருங்க, இலையப் பாருங்க. பெத்த புள்ளைக்குப் பேசுறதா மருமகனுக்குப் பேசுறதான்னு பாக்காதீங்க. இது எங்க இருந்து வந்த தண்ணின்னு உங்க வாயால சொல்லுங்க'ன்னு கேக்கப் போறேன். அவங்க சொன்னா ரெண்டு பக்கமும் மறுபேச்சு கிடையாது. மாமாவே வாயை மூடிக்குவாரு. அப்புறம் பாப்பா என் மடியில. பிரஜித்து பந்திக்கு எலை எடுக்கட்டும்.

எப்படி பிளானு? என்னண்ணா, இப்படிப் பாக்குறீங்க?

'சாவி'யா? எந்தச் சாவி? அதான் சொன்னேனே, கயிறு கட்டக் குடுத்தேன்னு... அண்ணா, அண்ணா, இருங்க, பிரிவு வந்துருச்சு! கண்டக்டர், இறக்கம் இருக்கு! கோயில் பிரிவு! கொஞ்சம் வழி விடுங்கக்கா, பட்டு வேட்டி, மிதிச்சுராதீங்க. பாட்டில் இருக்கு, பாத்து, பாத்து.

அட, அங்க பாருங்க! அம்மா! ரோட்டுலயே வந்து நிக்கிறாங்க, வெயில்ல! கையில அந்த வெள்ளைக் கேன் வேற. பாப்பா தலையில தெளிக்கக் கொண்டாந்திருப்பாங்க, மீதி எவ்வளவு இருக்கோ தெரியல. எனக்காக ஓடி வந்திருக்காங்க பாத்தீங்களா? சொன்னேன்ல, எனக்கு அவங்க ஒருத்தங்கதான்னு.

நீங்க சொல்ல வந்தது அப்படியே நின்னு போச்சு, தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. வர்றேன்.

அம்மா! எதுக்கும்மா இப்படி ஓடி வர்றீங்க? மூச்சு வாங்குது பாருங்க. இந்தக் கேனை என்கிட்ட குடுங்க, நீங்க இதைப் பிடிங்க, பாட்டிலை, கவனமா. சாட்சிம்மா அது... வேணாம்மா. ஒண்ணும் பேசாதீங்க. இங்க ரோட்டுல வேணாம். எதுவா இருந்தாலும் அங்க வந்து, எல்லாரும் முன்னாடி, சத்தமாச் சொல்லுங்க.